லீவு நாள் யூனிஃபார்ம்

"இன்னைக்கு லீவுல்லாக்கா? அதான் யூனிஃபார்ம் போட்டிருக்கேன்."

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் பஸ்ஸுக்கு நின்ற இளைஞன் சொன்னான். கேட்டவள், போலீஸ் வழியில் நிறுத்தி விசாரிப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளாம். கையில் கேள்வித்தாள் வைத்திருந்தாள்.

"லீவு நாள்ல எதுக்கு தம்பி யூனிஃபார்ம்?"

"கலர் சட்டையில போனா, எந்த ஊரு, எங்க தங்கியிருக்கன்னு நிறுத்திக் கேக்காவ. கம்பெனிச் சட்டைன்னா விட்டுருவாவ."

"எந்த கம்பெனியில இருக்கீங்க?"

"எனக்கு இன்னும் வேலையே கெடைக்கலக்கா. இது என் ரூம்ல இருக்கவன் சட்டை. லீவு அவனுக்கு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்ப அவர் வெளிய போகணும்னா?"

"அவனோட இன்னொரு கம்பெனிச் சட்டை துவைச்சுக் காயுது. நான் போயி இதக் கழட்டிக் குடுக்கிற வரைக்கும் ரூம விட்டு வரமாட்டான்."