நீது தேச்ச முகம்

"ஹலோ... ஆ, அக்கா, சொல்லுங்கோ... கேக்கறது, நன்னா கேக்கறது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காதுல வச்சுக்க முடியலை, கன்னமெல்லாம் எரியறது... ஆமா... ஆமா, ஆமா. குரூப்ல பார்த்தேளா? மெனக்கெட்டுக் கூப்பிட்டேளே, அதுவே பெரிசு."

விஜயம் போனைச் சமையல் மேடையில் புளி டப்பா மேல் சாய்த்து நிறுத்தினாள். அந்தப் பக்கம் ராஜமணி, கணவர் நீலகண்டனின் அக்கா. ராஜமணி பேசுவதை நாலடி தள்ளி நின்று கேட்பதே உடம்புக்கு நல்லது என்பது விஜயத்தின் முப்பத்திரண்டு வருஷ அனுபவம். இன்றைக்கு அதற்குக் காரணமும் வாய்த்திருந்தது. முகம் பூராவும் ரோஸ் நிற லோஷன் பூசிக் காய்ந்து கிடந்தது. வாயைப் பெரிதாகத் திறந்தால் விரிசல் விடும் என்று உதட்டோரமாகவே பேசினாள்.

"அழலை அக்கா. குரல் அப்படித்தான் வரது... ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. ஒரே எரிச்சல்... எரியாம இருக்குமா பின்னே?... இல்லை, இல்லை, நீதுவைச் சொல்லாதேங்கோ. பாவம், அவ என்ன பண்ணுவா. தப்பு எம்பேர்ல. நான்தானே ஆசைப்பட்டேன்... திடீர்னு ஒண்ணும் இல்லை. பொங்காலை அன்னிக்கே தொடங்கிடுத்து... வெயில்தான் காரணம்னு நீது சொல்றா... ஆமா, வெயில்... அக்கா, அவ படிச்ச பொண்ணு, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கதை இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகன் சுமந்துக்கும் நீதுவுக்கும் நிச்சயதார்த்தம். நீது நெடுமங்காட்டு மலையாளிப் பெண், திருவனந்தபுரத்தில் பட்டம் என்கிற இடத்தில் ஒரு தோல் டாக்டரிடம் நர்ஸ். போட்டோவில் நீதுவின் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டுமே என்பதுதான் ஒரு மாதமாக விஜயத்தின் கவலை. அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, முகத்தில் மருந்துக்குக்கூட ஒரு கோடு கிடையாது. விஜயத்துக்கு ஐம்பத்தொன்பது. கோட்டுக்குப் பஞ்சமில்லை, அதிலும் இடது கன்னத்தில் கூடுதல். கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசுக்கு முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் இடது ஜன்னலோரமாகவே போய் வந்தவள். காலையில் தெற்கே போகும்போதும் வெயில் இடப்பக்கம், சாயங்காலம் வடக்கே திரும்பும்போதும் வெயில் இடப்பக்கம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நீதுதான். அதுவரை விஜயம் அந்தக் கோடுகளுக்கெல்லாம் நீலகண்டனே காரணம் என்று நினைத்திருந்தாள்.

நீது ஒரு இரவு கிரீம் வாங்கிக் கொடுத்தாள். பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரி மட்டும், பகலில் வெயிலே ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். விஜயம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பட்டாணி அளவு வேலை செய்தால் பாதி டியூப் எவ்வளவு வேலை செய்யும் என்று கணக்குப் போட்டு, ராத்திரி முகத்துக்குச் சந்தனக்காப்பே சாத்திவிட்டாள். மறுநாள் ஆற்றுகால் பகவதிக்குப் பொங்காலை. நடுரோட்டில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டி வெயிலிலும் புகையிலும் மூன்று மணி நேரம் நின்றாள். இரண்டாம் நாள் முகம் உரிய ஆரம்பித்தது.

நேற்று சாயங்காலம் நீது வேலை முடிந்த கையோடு ஓடி வந்து லோஷன் தேய்த்துவிட்டாள். அந்த நெகிழ்ச்சியில் விஜயம் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி போட்டாள். தமிழ் பேசுவாளே தவிர எழுத வராது, படித்ததும் உத்தியோகம் பார்த்ததும் மலையாளம். ஆகவே மலையாளத்தில் தட்டினாள். "நீது தேச்சு. முகம் காணிக்கான் வய்ய." நீது தேய்த்தாள், முகம் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். பதினாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பம்பாய்ச் சித்தப்பா உடைந்த இருதயம் ஒன்று போட்டார். என் முகத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கண் கலங்கிப் படுத்தாள் விஜயம்.

"சுமந்தா? அவனுக்கென்ன? பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான்... ஆமா, சிரிச்சான்... சத்தமாத்தான். போட்டோ வேற எடுத்தான்... பைத்தியமா? எதுக்கு? இட்லி தின்னுட்டு ஆபீசுக்குப் போயாச்சே... தனியா விடக்கூடாதா? அக்கா, அவனுக்கு இருபத்தொன்பது வயசு."

அடுப்பில் சாம்பார் கொதித்தது. விஜயம் தீயைக் குறைத்துவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கிளறினாள்.

"ம்... ம்... யாரு? ராஜஸ்ரீயா? திருநெல்வேலி ராஜஸ்ரீயா? அவளுக்கும் சுருக்கமா? இருபத்தாறு வயசுதானே ஆறது... பின்னே? அவளை எதுக்கு இப்போ... ஜாதகமா? முகச் சுருக்கத்துக்கு எதுக்கு அக்கா ஜாதகம்?... இருங்கோ. ஒரு நிமிஷம் இருங்கோ. நீங்க எதைப் பேசறேள்?"

கரண்டி நின்றது.

"தேச்சுன்னா?... தேச்சுன்னா தேச்சுதான். லோஷனை எடுத்து முகத்துல தேச்சா... மஹேஷா? உங்க பேரன் என்ன சொன்னான்?... காதலிச்சவனைக் கழட்டி விடறதுக்குப் பேரு தேய்ப்பா? எப்போலேர்ந்து?... காலேஜ் பசங்க அப்படித்தான் சொல்றாளா?... அக்கா, முப்பத்தொண்ணு வருஷம் அந்த பாஷையிலே ஃபைல் எழுதினேன். எட்டு தாசில்தார் வந்து போனா. ஒருத்தர் எங்கிட்ட இதைச் சொன்னதில்லையே."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குரூப்பைத் திறந்து தன் செய்தியைத் தானே படித்தாள். நீது கழட்டிவிட்டாள். முகம் காட்ட முடியவில்லை. ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க இதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். பதினாலு கைகூப்பலுக்கும் ராஜஸ்ரீயின் ஜாதகத்துக்கும் இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. சுமந்து எப்போதோ அந்தக் குரூப்பை மியூட் செய்து வாயடைத்து வைத்திருந்ததால் அவன் இன்னும் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கும் ஆண்டவன் புண்ணியம்.

"அக்கா, ஒண்ணுமே நடக்கலை. நிச்சயதார்த்தம் நிச்சயதார்த்தமா இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு, நம்ம சமூகம் ஹால்ல... என்ன?... யார்ட்ட சொன்னேள்?... ஹால் மானேஜர் பகவதிப்பெருமாள்ட்டயா? ஹால் வேண்டாம்னா?... எத்தனை மணிக்கு?... காலம்பற ஏழு மணிக்கு உங்களுக்கு வேற ஜோலியே இல்லையா அக்கா... அத்திம்பேர் சமூகத்துக்குச் செகரட்டரின்னா நீங்க செகரட்டரியா? ஒரு வார்த்தை எங்களைக் கேக்க வேண்டாமா?... இன்னும் என்னெல்லாம் பண்ணினேள், ஒண்ணா சொல்லிடுங்கோ. ஒவ்வொண்ணா தாங்க எனக்குத் திராணி இல்லை."

கேட்டுக்கொண்டே விஜயம் காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீதுவோட அம்மாவுக்கா போன் பண்ணினேள்?"

இந்தச் சம்பந்தம் நின்று நிதானமாக ஒன்றரை வருஷத்தில் கைகூடியது. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தவர்கள் உண்டு. அங்கே ஒரு மாமா, இங்கே இந்த ராஜமணி. பேச்சு தடித்தால் போதும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

"என்ன கேட்டேள்? அப்படியே சொல்லுங்கோ... மலையாளத்துலயா... உன் பொண்ணு தேச்சாளா இல்லையான்னா கேட்டேள்... சரி. அவ என்ன சொன்னா?... ஆமான்னாளா?... எங்க நீது நன்னா தேய்ப்பான்னாளா?... ம்... ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேரையா... ஆம்பிளைகளும் உண்டுன்னாளா... அந்தம்மாவோட மாமியாருக்கும் நீதுதான் தேச்சாளாமா... ஒரு வெக்கமும் இல்லாம, வேணும்னா உங்காத்துக்கும் அனுப்பறேன்னு..."

விஜயம் வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள். வாய் நிற்கவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்து லோஷனை மூக்கிலிருந்து காது வரை இரண்டாகப் பிளந்தது. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் சிரித்தாள். கூடத்தில் நீலகண்டன் பேப்பரைத் தாழ்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, பெண்கள் விஷயம் என்று மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"அழலை அக்கா, சிரிக்கறேன்... அந்தம்மாவுக்குப் பொண்ணு லோஷன் தேய்க்க வந்தது தெரியும். நீங்க கேட்டதை அவ லோஷன்னு நினைச்சிண்டு பெருமையா பதில் சொல்லியிருக்கா. நீங்க அதை... அம்மா, முடியலை... கேளுங்கோ, நீங்க திட்டினதே அவளுக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டுப் பெரியவா கூப்பிட்டு விசாரிச்சாளேன்னு சந்தோஷமா இருப்பா."

பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. குரல் தணிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா... நேத்து அவ என்னை இதே ஸ்டூல்ல உட்கார வச்சா. தாடையைப் பிடிச்சிண்டு, விரல் நுனியால, ஊதி ஊதித் தேச்சா. பட்டாணின்னு சொன்னேனே அம்மே, பட்டாணின்னு சொன்னேனேன்னு திட்டிண்டே... என் முகத்தை ஒருத்தர் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சேன். சுமந்து குழந்தையா இருந்தப்போ கன்னத்தைப் பிடிச்சு இழுப்பான். அப்பறம் யாரு? உங்க தம்பியா? அவர் கண்ணாடியைத் தேடறப்போ மட்டும் என் பக்கம் திரும்புவார்... இல்லை, குறை சொல்லலை, உள்ளதைச் சொல்றேன்... அந்தப் பொண்ணு போயிட்டாங்கறதை நீங்க எவ்வளவு சுளுவா சொன்னேள். சுமந்துக்கு அவ வேணும்கறது அவன் பாடு. எனக்கு வேணும் அக்கா."

விஜயம் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஹலோ, இருக்கேளா?... ம்... என்னது?... போறதா இல்லையான்னா? எது, சுருக்கமா?"

விஜயத்தின் முதுகு நிமிர்ந்தது. ஆபீசில் மனுவோடு வந்து நிற்பவர்களை அவள் பார்த்தவள். குரலிலேயே ஆளின் அவசரம் தெரிந்துவிடும்.

"அடியோட போகாது. ரப்பர் வச்சு அழிக்கற மாதிரி இல்லை. குறையும்னுதான் நீது சொல்றா, அதுவும் மூணு மாசம் பொறுமையா போடணும். வந்த கோட்டை அழிக்கறதைவிட வராம பார்த்துக்கறதுதான் லாபமாம். வெயில்ல போனா சன்ஸ்கிரீன், குடை... கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்க்காதேங்கோ, அது இன்னும் கெடுக்கும்... ஊசியா? இருக்கு. புருவத்துக்கு நடுவுல போட்டா கோபக்கோடே விழாதாம். எனக்கு வேண்டாம்னுட்டேன். முகத்துல கோபம் தெரியலைன்னா உங்க தம்பியோட எப்படிக் குடித்தனம் நடத்தறது... உங்களுக்கா? உங்க புருவத்தைப் பத்தி நான் என்ன சொல்ல, நீதுவே பார்த்துச் சொல்லுவா."

விஜயம் மேடையோரம் கிடந்த கிரீம் டியூபைக் கையில் எடுத்தாள்.

"கிரீம் பேரா?... இருக்கு. டியூப் இதோ கையிலதான் இருக்கு... சொல்றேன், சொல்றேன். மொதல்ல ஹால்... இல்லை, முதல் எழுத்துகூட சொல்ல மாட்டேன். பகவதிப்பெருமாள் ஹாலை வேற ஆளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிடணும்... அதுக்கும் முன்னாடி குரூப்ல ஒரு வரி போடுங்கோ. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்... நான் போட்டா இன்னும் என்னவாகுமோ, என் மலையாளத்தை இனி நம்பறதுக்கில்லை. நீங்க போடுங்கோ."

சாம்பாருக்குத் தாளித்துக் கொட்டும் நேரம் ஆயிற்று. பிறகு போன் ஒரு தடவை அதிர்ந்தது. விஜயம் குனிந்து படித்தாள். நீது தேய்த்தது மருந்து என்றும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்துவிட வேண்டும் என்றும் ராஜமணி போட்டிருந்தாள். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது. "எனிக்கும் தேய்க்கும்." தனக்கும் நீது தேய்ப்பாளாம்.

அதற்கும் மூன்று பேர் கைகூப்பிவிட்டார்கள்.

"வந்துடுத்து அக்கா. நன்னா இருக்கு, அழிக்காதேங்கோ, இருக்கட்டும்... சரி, இனி கேளுங்கோ. ஞாயித்துக்கிழமை தாம்பூலத் தட்டை எங்க பக்கத்துலேர்ந்து நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்... நீங்கதான். மூத்தவா நீங்க இருக்கறப்போ வேற யாரு... முன்வரிசைல, நீதுவோட அம்மா பக்கத்துல... ஆமா, போட்டோலயும். சிரிச்சிண்டு நிக்கணும்... சிரிச்சா கோடு விழுமா? விழட்டுமே அக்கா. அவதான் நம்மாத்துக்கு வராளே, தேச்சுவிடுவா... பேரு அன்னிக்குச் சொல்றேன். தட்டு கை மாறினப்பறம்... ஹலோ?... ஹலோ, அக்கா?"

ராஜமணி வைத்துவிட்டாள். விஜயம் உடனே அந்த நம்பரை மறுபடி போட்டுப் பார்த்தாள். வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதாகப் போன் சொன்னது. ஹாலுக்காகப் பகவதிப்பெருமாளோடா, கிரீம் பேருக்காக நீதுவின் அம்மாவோடா, அதை மட்டும் சொல்லவில்லை.