கடலுக்குப் போன வளையம்

இருபத்துநான்கு வருஷ உத்தியோகத்தில் ஒரு ஃபைலைக்கூட நான் இடம் மாற்றி வைத்ததில்லை. எந்த டாக்டர் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் மேசைக்கு வந்துவிடும். ரெக்கார்ட் ரூம் நாகநாதன் என்றால் ஆஸ்பத்திரியில் அவ்வளவு நம்பிக்கை. அதனால்தான் நீங்கள் கேட்ட மூன்றையும் முதல் நாளே கொண்டுவந்தேன். என் மனைவி கனகேஸ்வரியின் சாம்பலில் கிடைத்த உலோக வளையம், அதன் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர், அந்த இதய வால்வு செய்த கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதம்.

இவ்வளவு உறுதியான கேஸைப் பார்த்ததே இல்லை என்றீர்கள், மிஸ்டர் சந்திரசேகரன். கம்பெனி மீதும் வழக்குப் போடலாம், தெரிந்தும் சொல்லாத ஆஸ்பத்திரி மீதும் போடலாம் என்று விளக்கினீர்கள். பிறகு கடிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த கடிதம் உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

1984-ல் கனகேஸ்வரியின் இதயத்தில் வால்வு வைத்தார்கள். ஆபரேஷனுக்குப் போகும்போது அவள்தான் என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் குணவதி. கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தவள், வயது இருபத்தொன்பது, கணவன் ஜெயராஜ் லாரி ஓட்டுபவன். இருவருக்கும் ஒரே கம்பெனி வால்வு. அது திறந்து மூடும்போது வரும் சின்ன சத்தம் அமைதியான அறையில் மற்றவருக்கும் கேட்கும்.

"அக்கா, உங்களோடது என்னோடதவிட வேகமா ஓடுதுலா" என்பாள் குணவதி.

"எனக்கு வீட்டில வேலை கூடவல்லோ" என்பாள் இவள். இருவரும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குணவதி குடும்பத்தோடு ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

கடிதம் 1986 மார்ச்சில் வந்தது. நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என் வேலை என்பதால் நேரே என்னிடம் வந்தது. குறிப்பிட்ட சில வால்வுகளில் உலோக வளையத்தோடு இருக்கும் கம்பிக் கால் ஒடியலாம். நோயாளிகளுக்கு உடனே தெரிவியுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால், சின்ன கிளினிக்குகளில் நேரத்தை வீணாக்காமல், இதய ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லுங்கள். பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது பேர். மூன்றாவது கனகேஸ்வரி, நான்காவது குணவதி.

அப்போதுதான் கனகேஸ்வரி மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தாள். சமைக்கும்போது பாடவும் ஆரம்பித்திருந்தாள். இதைச் சொன்னால் தினமும் செத்துப் பிழைப்பாள் என்று நினைத்தேன். ஒன்பது பேருக்கும் அறிவித்தால் அதில் ஒரு கடிதம் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். இவளை விட்டுவிட்டு எட்டுப் பேருக்கு அனுப்பினால், குணவதி அடுத்த ஃபெர்ரியில் வந்து நிற்பாள். ஆகவே ஒருவருக்கும் அனுப்பவில்லை. அவசரப்படவில்லை, நன்றாக யோசித்துத்தான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அடுத்த வருஷம் குணவதிக்கு ஃபேக்டரியில் மூச்சு அடைத்தது. பக்கத்து கிளினிக்கில் ஆஸ்துமா என்று ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் அழுதது பொய்யில்லை.

மறுநாள் சாம்பல் எடுக்க நானும் போனேன். எலும்புகளுக்கு நடுவே கிடந்த வளையத்தை ஜெயராஜ் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ஒரு கால் ஒடிந்திருந்தது.

"அண்ணே, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். இது ஒடஞ்சுதான் போயிட்டாளா? லாயரப் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. எடுத்து வச்சுக்கவா?"

"தீயில இப்படித்தான் ஒடியும், தம்பி. இவ்வளவு நாள் அவ நெஞ்சுக்குள்ள இருந்தது. வீட்டுல வச்சா அவ போக வேண்டிய இடத்துக்குப் போகமாட்டா. அவளோடயே விட்டுடு."

அவன் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பட்டர்வொர்த் கடலில் சாம்பல் பானையை விட்டபோது வளையமும் அதற்குள் இருந்தது. பானை மூழ்கும்வரை அவன் தோளை அணைத்துப் பிடித்திருந்தேன்.

திங்கட்கிழமை அவள் ஃபைலில் இருந்த ஸ்டிக்கரை உரித்தேன். சில மாதம் கழித்து அவனுடைய வக்கீல் கேட்டபோது ஃபைல் உடனே போயிற்று. வால்வும் இல்லை, நம்பரும் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அவர் கேஸைக் கைவிட்டுவிட்டார்.

கனகேஸ்வரி இன்னும் ஏழு வருஷம் பாடினாள். அந்த ஏழு வருஷத்தையும் நான்தான் கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் காலை பதினொரு மணிக்கு, நான் வேலையில் இருந்தபோது, அவளுக்கு மூச்சு அடைத்தது. பக்கத்து வீட்டு சலேஹா காரில் ஏற்றி முனையில் இருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். "கேஸ்ட்ரிக் போல கிடக்கு" என்று கனகேஸ்வரியே டாக்டரிடம் சொன்னாளாம். வேறு என்ன சொல்ல அவளுக்குத் தெரியும்? எங்கள் ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிஷம். அவளுடைய வளையமும் அதே இடத்தில்தான் ஒடிந்திருக்கிறது. வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை, அதை என்னால் தாங்க முடியவில்லை.

என் வழக்குக்கு இன்னும் கெடு இருக்கிறது என்றீர்கள், ஜெயராஜுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லாத ஆஸ்பத்திரி என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது என்னைத்தான். மிச்சம் ஏழு பேரில் நான்கு பேர் உயிரோடிருக்கிறார்கள். பெயரும் விலாசமும் கடிதத்தின் பின்புறம் இருக்கின்றன. யாராவது வீடு மாறினால் வருஷா வருஷம் திருத்தி வைத்திருக்கிறேன். முதலில் அவர்களுக்கு ஆள் அனுப்புங்கள்.

காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமென்றால், மனைவியின் நிம்மதிக்காக என்று எழுதுங்கள். இல்லை, அதை அடித்துவிடுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "முதல்ல குணவதிக்குச் சொல்லுங்கோ" என்றிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.