கேப்டன் ராக்ஸ்டன் என்று ஒருவர் இல்லை

— உட்காரு லைமன். நின்னுக்கிட்டுக் கத்தினா, கீழே அச்சுக் கோக்குறவங்க கையை நிறுத்திட்டு வேடிக்கை பார்ப்பாங்க.

— பார்க்கட்டும் ஹோபர்ட் சார். அவங்களுக்குத் தெரியாததா? கேப்டன் ராக்ஸ்டன்னு ஒருத்தன் உலகத்திலேயே கிடையாது. அந்தப் பேர்ல கடைசியா வந்த இருபது நாவலும் நான் எழுதினது.

— பேரு கம்பெனியோடது. எழுதுறவன் மாறுவான், கேப்டன் மாறமாட்டார். நியூயார்க்ல பத்து சென்ட் நாவல் போடுறவங்க வழக்கமே அதுதானே.

— அந்த இருபதுக்கும் நான் வாயைத் திறந்தேனா? ஒரு கரடி, ரெண்டு துப்பாக்கிச் சண்டை, கடைசியில குதிரையில வந்து காப்பாத்துறது. நீங்க சொன்ன அளவுக்குத் தைச்சுக் கொடுத்தேன். இந்தப் புது நாவல் அப்படியில்ல. டகோட்டா புல்வெளிக்கு மேல, நீராவியில ஒரு கப்பல் பறக்குது. யாரும் காணாத கப்பல். நான் கண்டேன், என் மண்டைக்குள்ள.

— நல்லாத்தான் பறக்குது. படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் காப்பி ஆறிப்போச்சு.

— அப்புறம் எதுக்கு அதை அந்த நாடகக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்குறீங்க? மான்தோல் சட்டையை மாட்டிக்கிட்டு, நான்தான் கேப்டன்னு ஊர் ஊராக் கையெழுத்துப் போடுறான். குதிரையில ஏற முக்காலி கேக்குறான் சார். நான் நெப்ராஸ்காவுல கோவேறு கழுதை வண்டி ஓட்டினவன்.

— முக்காலி வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

— சிரிக்காதீங்க. ஒஹையோவுல எங்கப்பா, பண்ணை ஆளுங்களுக்குக் கேப்டன் கதையை வாசிச்சுக் காட்டுறார். போன வாரம் போயிருந்தேன். "எழுதினா இவனை மாதிரி எழுதணும், உனக்கெல்லாம் வருமாடா?"ன்னு என்னையே கேட்டார். அவனே நான்தான்னு சொன்னேன். ஆளுங்க முன்னாடி சிரிச்சுட்டார்.

— சரி, முடிவா என்ன வேணும்?

— அட்டையில லைமன் கிராஸ்பி. வேற எதுவும் வேண்டாம்.

— உள்நாட்டுப் போர் முடிஞ்ச வருஷம், நானும் இங்கேதான் நின்னு இதையே கேட்டேன். முதல் கேப்டன் நான்தான், லைமன். பேருக்குப் பதிலா இந்தப் பதிப்பாசிரியர் நாற்காலியைக் கொடுத்தாங்க. வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். நாளையிலிருந்து இது காலி. உன்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார் முதலாளி. மாசச் சம்பளம், மதியம் சிப்பிக் குழம்பு. வேணுமா?

— வேண்டாம்.

— யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்க என்ன இருக்கு? நாற்காலியைக் காட்டினா எங்கப்பா நம்பிடுவாரா? என் பேரைப் போடுங்க. இல்லன்னா எழுதினதைத் திருப்பிக் கொடுங்க.

— திருப்பிக் கொடுக்க வழியில்லப்பா. நேத்தே அச்சேத்திட்டேன், அட்டையில உன் பேரோட. புத்தகக் கட்டெல்லாம் ரயிலேறின பிறகுதான் முதலாளி கண்ணுல பட்டுது. அதனாலதான் நாற்காலி காலி.