வேனுக்கு இடது பக்கம்

…நீலமாம்மா, நீலம்! நான் பச்சை கேட்டா, நீலத்தை அடிச்சு வெச்சிருக்கான்! நீங்களே சொல்லுங்க, நியாயமா? உக்காருங்க, உங்க கார்ல நசுங்கின டொக்கு எடுக்க இன்னும் நேரம் ஆகும். பெயிண்டர் சாப்பிடப் போயிருக்கான். அந்த டப்பா மேல வேணாம், ஈரம்!

இது என் வேன்தான். முன்னாடி ரொட்டி வண்டியா இருந்துச்சு. உள்ள கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, எல்லாம் என் கையால வெச்சது. ரொட்டி வாசம் மட்டும் போகல. வாங்கிட்டு வந்த அன்னிக்கு மூணு மைலுக்கு எறும்பு வரிசையா பின்னாலயே வந்துச்சும்மா. சிக்னல்ல நான் நின்னா அதுங்களும் நின்னுச்சு. சிரிக்காதீங்க, போலீஸ்காரரே பாத்தாரு!

ஊர் சுத்தலாம் வான்னு என் வீட்டுக்காரியை முப்பத்தெட்டு வருஷமா கூப்பிடறேன். இப்பத்தான் மனசு எறங்கியிருக்கா. அடுத்த வாரம் கிளம்பறோம். ஓட்டப்போறது அவ, வழி தப்பாச் சொல்லப்போறது நான். கட்டில் நீளம், ஜன்னல் உயரம், எதுலயும் அவ வாயைத் தொறக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "கலர் மட்டும் என் இஷ்டம். அதுல கை வெச்சீங்க, நீங்க தனியாப் போய்ட்டு வாங்க, நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்." சொன்னா செய்வாம்மா அவ!

பெயிண்டர் காட்டின கலர் அட்டையைப் பாத்து அவளே எடுத்தா. நானும் பக்கத்துலதான் நின்னேன். நல்ல தளிர்ப் பச்சை! அதே கலர்ல துணி வாங்கி, ஜன்னலுக்குத் திரை தச்சு, பெட்டியில மடிச்சு வெச்சிருக்கா. என் கண்ணு என்ன லேசுப்பட்ட கண்ணா? ஓடற பஸ்ல, கும்மிருட்டுல, ஊசியில நூல் கோத்தவன் நான். டிரைவரே வண்டியை நிறுத்திட்டு வந்து கையைக் குலுக்கினாரு!

இன்னிக்குக் காலையில வந்தா, வேன் முழுக்க நீலம்! கேட்டா, "பெரியவரே, அம்மா எடுத்த நம்பர் இதுதான்"னு அட்டையை நீட்டறான். அட்டையிலயும் நீலம்! அட்டையையே மாத்திட்டான் பாருங்க, என்ன சாமர்த்தியம்! "அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே"ன்னு மூணு தடவை கெஞ்சினான். நான் மசிவேனா? "அடிடா பச்சையை"ன்னேன். டேப் ஒட்டி, பேப்பர் சுத்தி, இடது பக்கம் முழுக்க அடிச்சு முடிச்சுட்டான். சாப்பிட்டு வந்து வலது பக்கம்.

என்னது? கறுப்புக் கண்ணாடியா? அது சும்மா வெளிச்சத்துக்கு. கண்ணுல புரை எடுத்தாங்க. நேத்துத்தான் கட்டைப் பிரிச்சாங்க. ஒரு கண்ணு ஆச்சு, இன்னொண்ணு அப்புறம். ஏன் கேக்கறீங்க?

ஆபரேஷன் ஆகாத கண்ணால மட்டும் பாக்கணுமா? இதென்னம்மா சின்னப் புள்ளை விளையாட்டு… சரி, கண்ணாடியைக் கழட்டியாச்சு, ஆபரேஷன் ஆன கண்ணைக் கையால மறைச்சாச்சு. வேனோட வலது பக்கம், இன்னும் பச்சை அடிக்காதது, தெரியுது… ம்… பச்சை. அட, தளிர்ப் பச்சை! இருங்க, கையை மாத்தறேன். நீலம். பச்சை… நீலம்… பச்சை…

ஐயய்யோ.

அப்போ அவ எடுத்தது நீலம். தச்சதும் நீலம். இத்தனை நாளா புரை விழுந்த என் கண்ணுதான் நடுவுல மஞ்சள் பூசி, நீலத்தைப் பச்சையாக் காட்டிக்கிட்டு… அவ ஒண்ணே ஒண்ணு கேட்டாம்மா! திரையை மாட்டிப் பாக்க இப்ப வந்துடுவாளே!

ஒண்ணு பண்ணலாம். வேனைத் தள்ளி, இடது பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி நிறுத்திடுவோம். ஒரு கை குடுங்க. என்ன? கதவா? கதவு… கதவு இடது பக்கம்தான்.

அப்போ நீங்களே அவகிட்ட, இதுதான் இப்போ புது மோஸ்தர்னு… ஏம்மா, எங்க கிளம்பிட்டீங்க? கார் இன்னும் ஆகலியே! ஏம்மா…!

அட, வா வா, நூறு ஆயுசு! உன்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன். அங்கயே நில்லு, அங்கேர்ந்து பாத்தாத்தான் அழகு. திரையா? இந்த ஜன்னல் வழியாவே குடு, நான் உள்ள போய் மாட்டறேன். வேனைச் சுத்தியெல்லாம் வராத, கால் வலிக்கும்… ஏய், சொல்றேன்ல… ஏய்!