தெற்கு மூலைப் பெட்டி

நில்லுங்க தம்பி, நில்லுங்க! தெற்கு மூலைக்கு மட்டும் இப்பப் போகாதீங்க. பூவும் கையுமா நேரா போய் நின்னீங்கன்னா மூஞ்சி பன்னு மாதிரி வீங்கிடும். தேனீ வெச்சிருக்கேன். ஆமா, கல்லறைத் தோட்டத்துலதான். இங்க படுத்திருக்கிறவங்க யாரும் வேணாம்னு சொல்லலையே.

அம்மாவைப் பாக்கணுமா, அவசரமா? இருக்கட்டும், உங்க அம்மா எங்கயும் எழுந்து போயிட மாட்டாங்க. ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க, பயத்துல வாய் உளறுது. இந்த இடத்தைப் பெருக்கிக் காவல் காக்குறவ நான்தான். ஆபீஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னா என் பொழப்பு போச்சு. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

முதல்ல வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரு தேனீப் பெட்டிதான் இருந்துது. போன வருஷம் கூட்டம் பெருத்து, இடம் பத்தாம, பாதி ஈ கிளம்பிடுச்சு. கிளம்பினது மரத்துக்குப் போகக் கூடாதா? யாரையோ அடக்கம் பண்ணத் தூக்கிட்டு வர்றாங்க, அந்தச் சவப்பெட்டி மேலயே கொத்தா இறங்கிடுச்சு. பெத்த பிள்ளைங்க நாலு பேரும் அப்பாவைக் கீழ போட்டுட்டு எடுத்தாங்க பாருங்க ஓட்டம்! சிரிக்காதீங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா நீயும் வேணாம், உன் ஈயும் வேணாம்னுட்டார் மேனேஜர்.

அதான் இந்த வருஷம் நானே முந்திக்கிட்டு, ஈயோட பாதித் தேனடையை எடுத்துப் புதுப் பெட்டியில வெச்சேன். பிரிக்கிறது பெரிசில்லை. எங்க வைக்கிறதுன்னுதான் மண்டை காஞ்சுது. காலை வெயில் படணும், காத்து அடிக்கக் கூடாது, பெட்டி வாசலுக்கு நேரா மனுஷங்க நடக்கவே கூடாது.

நகத்தி வைக்கிறதா? முடியாதுங்களே. வழி பழகின பெரிய ஈயெல்லாம் பழைய பெட்டிக்கே திரும்பிப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற சின்னதுங்க இப்பத்தான் இந்த வாசலைப் பழகுதுங்க. இந்தப் பெட்டியில பொறந்த புது ராணி வேற இணை சேர வெளிய பறக்குற நேரம். அது திரும்பி வர்றப்போ பெட்டி பத்தடி தள்ளியிருந்தா, அவ்வளவுதான், அத்தனையும் செத்துடும். ராணி முட்டை வைக்கட்டும் தம்பி, எடுத்துடறேன். உங்க கால்ல வேணா விழறேன்.

வேற இடமே இல்லையான்னா? பாக்காத இடம் இல்லை. முன் வரிசைக்கு ஒரு வாத்தியார் தினம் வந்து பொண்டாட்டிக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறார். நடுவுல பிள்ளையப் பறிகொடுத்த ஒரு அம்மா, மழைன்னாலும் குடையோட வந்துடும். மத்த கல்லுக்கெல்லாம்கூட எப்பவாவது யாராவது வந்து எட்டிப் பாக்குறாங்க. நானும் இங்க வேலைக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு. ஒரு ஆளு காலடிகூடப் படாத இடம் இந்தத் தோட்டத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. இனிமே யாரு வரப் போறாங்கன்னுதான் தம்பி, உங்க அம்மா கல்லு மேல தூக்கி வெச்சேன்.