முப்பதாவது குப்பி

சைனிக்புரியில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதனால் ஊசி மருந்து கலக்க விற்கும் சுத்தத் தண்ணீரை மல்காஜ்கிரி மருந்துக் கடையில் வாங்கிவந்தேன்.

என் மனைவி ரமணிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் அவளால் உயிர் வாழ முடியாது. ஊசியைத் தொடவே பயப்படுவாள். கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாக, நான்தான் போட்டுவிடுகிறேன். அந்தப் பயத்திலிருந்து அவளை விடுவிக்க நினைத்தேன்.

நான் மின்காந்த அலைகள் படித்தவன். ஒரு சொட்டு இன்சுலினைத் தொண்ணூற்றொன்பது சொட்டுத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி கலந்து, இப்படி முப்பது குப்பி போனால் மருந்து எதுவும் மிஞ்சாது. அந்தக் கடைசிக் குப்பியைச் செம்புக் கம்பிச் சுருளுக்குள் வைத்து மின்காந்தப் புலம் கொடுத்தால், தண்ணீரே மருந்தாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். முதலில் ஊசியில் பலித்தால், பிறகு குடித்தாலே போதும்.

அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் மனம் குறுக்கே வரும், சோதனை கெடும். திங்கட்கிழமை குப்பியை மாற்றினேன். சர்க்கரை அளவை உள்ளபடியே நோட்டில் எழுதினேன். அவளிடம் மட்டும் நூற்று நாற்பது என்றேன்.

புதன்கிழமை வாந்தி ஆரம்பித்தது. எதிர்வீட்டு வேதவல்லி வந்து பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ரமணிதான் மறுத்தாள்.

“நக்கோ வேதா, வேண்டாம். இவர் எனக்குப் புருஷனோ இல்லையோ, என் சர்க்கரைக்குப் புருஷன். அவர் பாத்துப்பார்.”

வேதவல்லி சிரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சர்க்கரை பார்க்கும் கருவி எண் காட்டவில்லை. அளவுக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அவள் மூச்சு வேகமாகி, அழுகிய பழம்போல் வாடை அடித்தது.

“ஏங்க, மருந்து சரியாத்தானே இருக்கு?”

“புதுசு” என்றேன். அது பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. உண்மையான இன்சுலின் ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். பதினொன்றரை மணிக்கு மூச்சு நின்றது.

அப்போதாவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளே என்கிறீர்கள். தெரியும். அப்போதும் தெரியும். ஆனால் பாதியில் நிறுத்தியிருந்தால், நான்கு நாள் அவள் பட்ட கஷ்டமெல்லாம் வீணாகியிருக்கும். அவளுக்காகத்தான் நான் நிறுத்தவில்லை.