ஷேர் ஆட்டோவுக்கு ரெக்கை

...வண்டி பின்னாடி நீட்டிகினு கீதே, அது ஏசி இல்ல சார், ரெக்கை. நீ ஒருத்தனாவது கேக்காம ஏறுவன்னு பாத்தேன், நீயும் கேட்டுட்ட. காலையிலேர்ந்து ஆவடியில நின்னுகினு இதையே சொல்லிகினு கீறேன். ஒருத்தன் டிஷ் ஆன்டெனாவான்றான். இன்னொருத்தன் ஈரத்துண்ட அது மேல காயப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஒக்காரு சார், ஒக்காரு. பின்னாடி வாணாம், இப்டி முன்னாடி, எம் பக்கத்துல. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வா. ஆங், அப்டித்தான். காத்து வரும்.

பூனமல்லிதானே? கெளம்பிடலாம், பின்னாடி நாலு பேருதான் கீறாங்க, வண்டி ரொம்பட்டும். அம்மா, கரையான்சாவடியா? ஏறு, உள்ள நகுந்துக்கோ.

இன்னா சொல்லிகினு இருந்தேன்... ரெக்கை. எல்லாம் எம் மச்சான் இளங்கோ பண்ண வேல. எம் ஊட்டுக்காரி வடிவோட தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில கீறான். குட்டி விமானத்துக்கு ரெக்கை எந்த வடிவத்துல இருக்கணும்னு கம்ப்யூட்டர்ல கண்டுபுடிக்கிறாங்களாம். நா சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாயித்துக்கெழம கறி துன்னுகினு இருக்கறப்ப, 'மச்சான், கண்டெய்னர் லாரி தாண்டுச்சின்னா எம் வண்டி ஆட்டம் காணுது, ஒரு ரெக்கை போட்டுக் குடேன்'னு வெளையாட்டா கேட்டுட்டேன். அவன் கறிய அப்டியே வச்சிட்டு எந்திரிச்சிட்டான் சார்.

குவாண்டம் தெரியுமா உனுக்கு? எனுக்கும் தெரியாது. இது அதுவும் இல்லியாம். 'மாமா, இது குவாண்டம் கம்ப்யூட்டர் இல்ல, அத மாதிரி யோசிக்கற சாதா கம்ப்யூட்டர்'ன்றான். மாதிரின்னா இன்னா அர்த்தம்? பிரியாணி மாதிரின்னு ஒருத்தன் எலையில போட்டா நீ துன்னுவியா? சிரிக்கிற. நானும் சிரிச்சேன். ஆனா அது இன்னா பண்ணுதுன்னா, லச்சக்கணக்குல ரெக்கைய ஒண்ணா மனசுல வச்சிக்குது. இதுவா அதுவான்னு ஒடனே முடிவு பண்றது இல்ல. எல்லாத்தையும் போட்டு ஒலுக்கி, அப்பறம் மெதுவா ஆற வச்சி, கடசியா ஒண்ணுல வந்து நிக்குமாம். எம் பொண்டாட்டி பொடவக் கடையில பண்றதத்தான் இவன் ஆபீஸ் போட்டு பண்றான்.

அண்ணாத்தே, மூட்டைய மடியில வச்சிக்கோ. இன்னும் எடம் கீது.

ஆனா அது கேட்ட கேள்வி கீதே... பொண்ணு பாக்க வந்தவங்க கூட அவ்ளோ கேக்க மாட்டாங்க. வண்டி நீளம் இன்னா, ஒசரம் இன்னா, எவ்ளோ வேகம் போவ, லாரி எந்தப் பக்கம் தாண்டும். அதனாலதான் பாரு, வலது பக்கம் மடிச்ச தோச மாதிரி கீது, எடது பக்கம் நாய்க் காது மாதிரி கீது. லாரி வலது பக்கம்தானே தாண்டுது. குத்தமே சொல்ல முடியாது. மாட்டின மொத நாளு வெறும் வண்டிய எடுத்துகினு போனேன். லாரி ஒரசிகினு போவுது, முன்னாடி வச்ச டீ ஆடல சார்.

கன்னியம்மா, பூக்கூடைய அது மேல வைக்காத, ரெக்கை... சரி, வச்சிட்ட, ஏறு.

அப்பறம் ஆளுங்கள ஏத்தினேன். காடுவெட்டி ஸ்டாப்பு கிட்ட கொஞ்சம் முறுக்கினேன். முன்சக்கரம் ரோட்ட உட்டு எந்திரிச்சிகிச்சி சார். நா ஹேண்டில திருப்பறேன், வண்டி அது பாட்டுக்கு நேரா போவுது. எதுக்க வந்தவன் கும்புடறான். ஒரு எரும மாடு நல்ல மனசு பண்ணி நவுந்துச்சி, பொழச்சோம். இந்த வண்டி போனா எனுக்கு சோறு கெடையாது, வேற தொழிலும் தெரியாது. கழட்டிப் போடுன்றியா? கழட்டலாம். ஏன் கழட்டுனன்னு வடிவு கேப்பாளே. ட்ரிப்புக்கு ட்ரிப்பு போன் போட்டு எத்தினி பேருன்னு கேக்கறவ அவ.

இல்ல சார், கம்ப்யூட்டரு மேல தப்பு சொல்லாத. அது ஒழுங்காத்தான் கேட்டுச்சி. 'மாமா, வண்டியில எத்தினி பேரு போவாங்க'ன்னு இளங்கோ கேட்டான். கழுத்துல கார்டு, கையில டேப்பு, ஆர்டிஓ ஆபீசர் மாதிரி நிக்கிறான். அந்தக் கோலத்துல எவன் வந்து கேட்டாலும் எம் வாயி தானா 'மூணு பேரு'ன்னிடும். பர்மிட்டு அதானே. அதுக்கு மேல வடிவு வேற பக்கத்துல நிக்கிறா. போன ஆடியில மாங்காட்டுக்கு இட்டுகினு போயி, அம்மன் எதுக்க கற்பூரம் அடிச்சி சத்தியம் வாங்கிகினா, மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டேன்னு. அவள வச்சிகினு ஒம்பதுன்னு எப்டி சொல்ல? வண்டி ஆடாம இருக்கணும்னு, பின்னாடி அமுக்கிப் புடிக்கறதுக்குன்னே செஞ்ச ரெக்கை அது. மூணு பேருக்கு எவ்ளோ அமுக்கணுமோ அவ்ளோ அமுக்கும். இங்க ஒம்பது பேரு ஏற்கெனவே அமுக்கிகினு கீறாங்க. முன்னாடி தூக்காம இன்னா பண்ணும்?

தம்பி, அந்த ஓரத்துல ஒண்டிக்கோ. அவ்ளோதான், ஒம்பது ஆச்சி, கெளம்பிடலாம்.

அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன் சார். எந்த கம்ப்யூட்டரும் வாணாம். முன்னாடி நல்லா வாட்டசாட்டமா ஒருத்தர ஒக்கார வச்சா சக்கரம் ரோட்ட கவ்விக்கும். ஒல்லி ஒல்லியா எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா, ஒருத்தனையும் முன்னாடி உடல. உன்ன தூரத்துல பாத்ததுமே எனுக்கு வயித்துல பால வாத்த மாதிரி...

சார்? எங்க எறங்கற? டீயா? போற வழியில நானே வாங்கித் தரேன் சார். துட்டு கூட வாணாம், சும்மா வா. காடுவெட்டி தாண்டற வரிக்கும் வா. சார், நீ எறங்கினா வண்டி...

தூக்கிச்சி. நிக்கறப்பவே தூக்கிச்சி பாரு. கன்னியம்மா, கூடைய எடுத்து எம் மடியில வையி. எல்லாரும் முன்னாடி சாயுங்க. யாரும் எறங்காதீங்க, இதோ கெளம்பறேன்.

இரு, போன் அடிக்குது. வடிவுதான்... ஆங், சொல்லும்மா. கெளம்பிகினே கீறேன். எத்தினி பேரா?... மூணு பேருதான்... அம்மன் மேல சத்தியமா மூணு பேருதான்மா... யோவ், பின்னாடி சிரிக்காதீங்கய்யா.